ஒரு கோடை, மூன்று விதமான கோல்ஃப், ஒரு முழங்கால்

அண்ணனுக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. அறுவைச் சிகிச்சையை ஒரு வருடம் தள்ளிப்போடலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அன்று இரவே எனக்கு போன் வந்தது. “அடுத்த கோடையில எங்கயாவது கூட்டிட்டுப் போடா. ஒரு தடவை ஆசை தீர ஆடிட்டு வந்து காலைக் கொடுத்துடறேன்.”

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ‘எங்கயாவது’ என்றால் எங்கே என்ற கேள்வி வந்தது. நல்லவேளையாக, இதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. போன கோடையில் திட்டமிடாமலே மூன்று விதமாக ஆடியிருந்தேன். ஜூன் மாதம் மனைவியோடு ஒரு வாரம் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ். ஜூலையில் மூன்று நண்பர்களோடு ஐந்து நாள் ஒரு மலை ரிசார்ட். ஆகஸ்ட் முழுக்க எங்கும் போகாமல், வழக்கமாக ஆடும் மைதானத்திலேயே சாயங்காலம் சாயங்காலம் ஒன்பது குழி. ஆகவே இது என் கையில் இருக்கும் மூன்று சீட்டில் எதை அண்ணனுக்குக் கொடுப்பது என்கிற கணக்கு.

இப்படிப்பட்ட கணக்கைப் பலரும் மைதானத்தை வைத்துத்தான் போடுகிறார்கள். எது பேர்போனது, எங்கே எந்தச் சாம்பியன் ஆடினார், கிரீன் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) எவ்வளவு வேகம் என்று பட்டியல் போடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். போன கோடைக்குப் பிறகு வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு ரவுண்டு, அதாவது பதினெட்டுக் குழி, ஆட நாலு, நாலரை மணி நேரம். ஷூ மாட்டுவது, கையைக் காலை நீட்டி மடக்குவது, கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங் பழகுவது எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் பதினெட்டு மணி நேரம் இருக்கிறது. தூங்கியது போகப் பத்து. அந்தப் பத்து மணி நேரம் எப்படிப் போகிறது என்பதுதான் பயணம். ஆட்டம் எங்கே ஆடினாலும் ஆட்டம்தான், பந்து அங்கேயும் வலப்பக்கமாகத்தான் வளைகிறது.

மலையை முதலில் முடித்துவிடுகிறேன், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே காற்று அடர்த்தி குறைவு. பந்தைப் பிடித்து இழுக்கும் தடை குறைகிறது, அதனால் 150 கஜம் போகிற அடி எட்டு பத்து கஜம் கூடவே போகும். முதல் நாள் நாங்கள் நால்வரும் கிரீனைத் தாண்டித் தாண்டி அடித்து, எங்களுக்கு வயது குறைந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தோம். மலைக்கும் அதில் பங்கு உண்டு என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. ஐந்து நாளில் ஆறு ரவுண்டு. காலையில் கார்ட் என்கிற சின்ன வண்டியில் ஏறினால் குழிக்குக் குழி கார்ட், கடைசியில் அறை வாசலுக்கும் கார்ட். பதினெட்டுக் குழியை நடந்து ஆடினால் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நடை. அதில் பாதிகூட நாங்கள் நடந்திருக்க மாட்டோம்.

கார்ட் இருக்கிறது, முழங்காலுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கார்ட் பந்து வரைக்கும் வராது. மழை பெய்திருந்தால் பாதையை விட்டே இறங்கக் கூடாது என்று அறிவிப்பு வைத்துவிடுவார்கள். அப்போது சரிவில் இறங்கி, சாய்ந்த தரையில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே வைத்து அடித்துவிட்டு, மறுபடி ஏற வேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். அது தெரியாமல், மலையில் கார்ட் சுகம் என்று கூட்டிப்போனால் அண்ணன் மூன்றாம் நாளே படுத்துவிடுவார்.

அந்தப் பத்து மணி நேரம்? அறை, வராந்தா, ஸ்கோர் பேச்சு. யார் பதினாலாம் குழியில் மூன்று பட் போட்டார்கள் என்ற விவகாரம் இரண்டு ராத்திரி ஓடியது. சிரிப்புக்குக் குறைவில்லை, நண்பர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்ததும் மனைவி “அந்த ஊர் எப்படி இருந்தது?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஊர் ஒன்று கீழே பள்ளத்தாக்கில் இருந்தது. ஏழாம் குழியிலிருந்து அதன் கூரைகள் தெரியும், அவ்வளவுதான்.

வடக்கே இன்னும் ஒரு ஆசையும் வந்து போனது. ஐஸ்லாந்தின் அகுரேரியில் ஜூன் கடைசியில் நள்ளிரவு வெளிச்சத்தில் ஆடலாம்; ஆர்க்டிக் ஓபன் என்று ஒரு போட்டியே நடத்துகிறார்கள். “ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் ஏண்டா வெயில்ல நிக்கணும்?” என்று அண்ணன் ஒரே கேள்வியில் அதை முடித்துவிட்டார்.

அடுத்தது உள்ளூர் மைதானம். ஆகஸ்ட் மாதம் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த மாதம். வேலை முடிந்து ஆறு மணிக்குப் போனால் கூட்டம் வடிந்திருக்கும். தண்ணீர் தெளிக்கிறவர் கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். எந்தக் குழியில் தரை காய்ந்து பந்து ஓடும், எந்தக் கிரீன் பார்ப்பதற்கு ஏற்றம்போல் தெரிந்தாலும் உண்மையில் இறக்கம் என்பதெல்லாம் காலுக்கே தெரியும். ஆடுபவரின் திறமையை ஓர் எண்ணால் காட்டுவது ஹேண்டிகேப்; எண் குறைந்தால் ஆட்டம் தேறியிருக்கிறது என்று அர்த்தம். 2020இல் உலகம் முழுக்கப் பொதுவாக வந்த ஹேண்டிகேப் முறையில் ஒன்பது குழி ஸ்கோரும் கணக்கில் சேரும். கடைசி இருபது ஸ்கோரில் சிறந்த எட்டின் சராசரிதான் நம்முடைய எண். அந்த ஒரு மாதத்தில் என் எண் இரண்டு இறங்கியது. பயணம் போன இரண்டு மாதத்திலும் அது ஏறியிருந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முன்னேற வேண்டும் என்பதுதான் குறி என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்: எங்கும் போகாதீர்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரம் அண்ணன் வந்தார். தோளில் பதினாலு மட்டையும் போட்ட பை. விதிப்படி அதிகபட்சம் பதினாலு வைத்துக்கொள்ளலாம் என்றால், அண்ணனுக்கு அது குறைந்தபட்சமும் கூட. முதல் நாலு குழி ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது குழியின் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) ஃபேர்வேக்கு (குழிவரை போகும் வெட்டிய புல்வெளி) ஒரு நீளச் சரிவு உண்டு. நான் முன்னால் இறங்கிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே, ஒவ்வொரு அடியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு கை பையின் வாரில், இன்னொரு கை சமநிலைக்காகக் கொஞ்சம் விலகி. பின்னோக்கி இறங்கினால் முழங்கால் குத்தாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நான் சட்டென்று திரும்பிப் பந்தைத் தேடுகிற மாதிரி நின்றுகொண்டேன். பந்து கண் முன்னால்தான் கிடந்தது. கீழே வந்ததும், “என்னடா, கிடைக்கலையா? மூணு நிமிஷம்தான், ஞாபகம் வச்சுக்கோ” என்றார். 2019 வரை ஐந்து நிமிடம் தேடலாம். அந்த விதி மாறியதில் அவருக்கு இன்னும் வருத்தம்.

உள்ளூரில் ஆட்டம் சரி, மற்ற நேரம்தான் சரியில்லை. வீட்டில் இருந்தால் அண்ணன் நோயாளி. “படி ஏறாதீங்க”, “உட்காருங்க”, “மாத்திரை போட்டாச்சா” என்று அண்ணி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குரல் கொடுப்பார். அது அன்புதான், ஆனால் அதற்காக லீவு போட வேண்டியதில்லையே. எனக்கும் அதே கதை. ஊரில் இருக்கிறான் என்று தெரிந்தால் அலுவலகத்தில் ஒருத்தருக்கும் கூச்சம் இருக்காது. நாலாவது குழி கிரீனில் குனிந்து கோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது பையில் போன் துடிக்கும்.

இனி செயின்ட் ஆண்ட்ரூஸ். இதைப் பற்றி நீளமாகச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒன்றல்ல, ஏழு பொது மைதானங்கள் இருக்கின்றன. எல்லோரும் பேசுவது ஓல்ட் கோர்ஸ். கோல்ஃபில் பதினெட்டுக் குழி என்ற கணக்கே அங்கேதான் பிறந்தது. முன்பு ஒரு ரவுண்டுக்கு 22 குழி. 1764இல் முதல் நாலு குழியை இரண்டாகச் சுருக்கினார்கள். போகும்போதும் வரும்போதும் அதே குழிகள் என்பதால் மொத்தத்தில் நாலு குறைந்து பதினெட்டானது. பிறகு ஊரெல்லாம் அதைப் பின்பற்றியது. 22 ஆகவே விட்டிருந்தால் அண்ணன் பாடு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மண் முழுக்க மணல். கடல் பின்வாங்கிய நிலம் அது, லிங்க்ஸ் என்பார்கள். மழை நின்ற அரை மணியில் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், தரை மறுபடி கெட்டியாகிவிடும். குட்டைப் புல்லில் பந்து தரையில் விழுந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. ஆனால் தரை எங்கும் அலை அலையாக மேடும் குழிவும். 112 பங்கர் (மணல் குழி), அவற்றில் பாதி டீயிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஏழு கிரீன்களில் இரண்டிரண்டு குழி. ஒரே கிரீனில் இருக்கும் இரண்டு குழிகளின் எண்ணைக் கூட்டினால் பதினெட்டு வரும். எனக்கு இது மிகவும் பிடித்துப்போய், கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அங்கே ஆட இடம் கிடைப்பதுதான் பெரிய வேலை. ஆட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுத்தால் குலுக்கல் போடுவார்கள். அதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். என் மனைவி ஆடுவதில்லை, அதனால் நான் தனி ஆட்களுக்கான குலுக்கலில் சேர்ந்து, இரண்டு நாள் ஏமாந்து, மூன்றாம் நாள் முன்பின் தெரியாத மூவரோடு நாலாவது ஆளாக ஆடினேன். அண்ணனோடு போனால் இருவர், பொதுக் குலுக்கலிலேயே சேரலாம். ஹேண்டிகேப் 36க்குள் இருக்க வேண்டும். அண்ணனுக்குக் கால் வலி வந்த பிறகும் 27தான்.

இப்போது முழங்கால் பக்கத்துக்கு வருகிறேன். ஓல்ட் கோர்ஸில் ஒரு சிக்கல் உண்டு. பல மைதானங்களில் ஒன்பதாம் குழி முடிந்தால் கிளப் ஹவுஸ் வாசலில் இருப்போம், முடியவில்லை என்றால் அப்படியே விலகிக்கொள்ளலாம். ஓல்ட் கோர்ஸ் அப்படியில்லை. ஊரிலிருந்து நேராக வெளியே போய், மேய்ப்பன் கோல்போல் நுனியில் வளைந்து, அதே வழியாகத் திரும்புகிறது. ஒன்பதாவது குழியில் நிற்கும்போதுதான் ஊர் எட்டத்தில் இருக்கும். அங்கே கால் மக்கர் செய்தால் திரும்பி நடப்பதைத் தவிர வேறு வழி இல்லை, அதுவும் பெரும்பாலும் காற்றை எதிர்த்து. இதை அண்ணனிடம் சொன்னபோது, டைகர் உட்ஸ் 2008 அமெரிக்க ஓபனில் முறிந்த காலோடு 91 குழி ஆடி ஜெயித்ததை எடுத்துவிட்டார். “அவருக்கு அப்ப 32 வயசுண்ணா, உங்களுக்கு 64” என்றேன். “பாதிதானே ஆடப்போறேன்” என்றார்.

பாதியில் விலகினால்தான் என்ன? அந்தக் காலத்து அமெரிக்க நட்சத்திரம் பாபி ஜோன்ஸ் 1921இல் அதே மைதானத்தில், பதினோராவது குழியின் பங்கரில் மாட்டிக்கொண்டு, கோபத்தில் போட்டியையே கைவிட்டவர். 1927இல் அங்கேயே வந்து பிரிட்டிஷ் ஓபனை ஜெயித்தார். 1958இல் அந்த ஊரே அவரை அழைத்துக் கௌரவித்தது.

ஆனால் நான் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ஓட்டுப் போடுவது ஓல்ட் கோர்ஸுக்காக மட்டும் இல்லை. மைதானம் ஊருக்கு வெளியே இல்லை என்பதற்காக. பதினெட்டாவது கிரீனை விட்டு வெளியே கால் வைத்தால் தெரு. முதல் குழிக்கும் பதினெட்டாவது குழிக்கும் குறுக்கே ஒரு பொதுச் சாலை போகிறது. தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய் அதைக் கடப்பதற்காக நான் மட்டையைத் தாழ்த்திக் காத்திருந்தேன். நான் ஆடிய நாலரை மணி நேரமும் என் மனைவி கடற்கரையில் நடந்து, இடிந்த தேவாலயத்தின் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்து, கடைசிக் குழிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். நான் நாலு அடி தூரத்துப் பட் ஒன்றைத் தவறவிட்டதையும் பார்த்தாள். மலையில் என்றால் அவளுக்கு என்ன இருந்திருக்கும்?

ஆடாதவர்களுக்கும் ஓர் ஆட்டம் உண்டு. ஓல்ட் கோர்ஸ் பக்கத்தில் ஹிமாலயாஸ் என்று ஒரு பெரிய பட்டிங் மைதானம். பெண்களுக்காக 1867இல் ஆரம்பித்த பட்டிங் கிளப்பினுடையது, இன்று யார் வேண்டுமானாலும் ஆடலாம். பேருக்கு ஏற்ற மாதிரி மேடும் பள்ளமும். பட்டர் என்ற மட்டை ஒன்று, பந்து ஒன்று, வேறு எதுவும் வேண்டாம். வாழ்க்கையில் மட்டையைத் தொடாத என் மனைவி முதல் சுற்றில் என்னை இரண்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தாள். அன்றிலிருந்து வீட்டில் கோல்ஃப் பற்றிய கருத்துகள் இரண்டு.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. ஓல்ட் கோர்ஸில் அன்று ஆட்டம் கிடையாது, ஓபன் மாதிரிப் பெரிய போட்டி நடந்தால்தான் விதிவிலக்கு. மற்ற ஞாயிறுகளில் அது பூங்கா. நாய்கள் ஃபேர்வேயில் ஓடுகின்றன. குழந்தைகள் பங்கரில் இறங்குகிறார்கள், பெற்றோர் ஏறச் சொல்கிறார்கள். தொலைக்காட்சியில் பிரமாண்டமாகத் தெரியும் ஸ்வில்கன் பாலம் நேரில் சின்னக் கல் பாலம், முப்பது அடிக்கு மேல் நீளம் இராது. அதில் ஏறிப் படம் எடுக்க வரிசை. நானும் மனைவியும் பதினேழாவது கிரீனுக்குப் பின்னாலிருக்கும் சாலையில் நின்று, எத்தனை பேருடைய கனவு இந்தத் தார்ச் சாலையில் பந்து உருண்டு போனதால் கெட்டது என்று பேசிக்கொண்டிருந்தோம். ஜூனில் அங்கே விடியற்காலை நாலரைக்கே சூரியன் வந்துவிடும், ராத்திரி பத்து மணிக்குத்தான் மறையும். ஆட்டம், ஊர், கடல், தூக்கம் எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமைதான் முழங்கால் கணக்கைத் தீர்த்துவைத்தது. சனிக்கிழமை போய்ச் சேருகிறோம். ஞாயிறு பை இல்லாமல், ஸ்கோர் இல்லாமல், பின்னால் வருகிறவர்கள் அவசரப்படுத்தாமல், கால் எவ்வளவு தூரம் அனுமதிக்கிறதோ அவ்வளவு தூரம் அண்ணன் ஓல்ட் கோர்ஸில் நடக்கட்டும். எந்தக் குழியில் வேண்டுமானாலும் திரும்பலாம். அன்று ஏழாவது வரை போய் வர முடிந்தால் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்குக் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். முடியாவிட்டால் பால்கோவ் என்று ஒன்பது குழி மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது, குழந்தைகளும் புதியவர்களும் ஆடுவது, தரை சமம். அதுவும் முடியாவிட்டால் ஹிமாலயாஸ். அதாவது, கால் ஒத்துழைக்காவிட்டாலும் மிச்சப் பொழுது வீணாகாத ஒரே இடம் மூன்றில் இதுதான். மலையில் கால் போனால் எல்லாம் போச்சு. உள்ளூரில் கால் போனால் நேராகச் சோபா.

மட்டையைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் இரண்டு வாரம் வாக்குவாதம். நான் வாடகைக் கட்சி. காரணம் இருக்கிறது. மலைக்குப் போனபோது விமானத்திலிருந்து வந்த என் பையைத் திறந்தால் டிரைவர் என்கிற பெரிய மட்டையின் தலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம். அப்படியே வீட்டுக்கு போன் செய்து, “டிரைவர் கழுத்து முறிஞ்சு போச்சு” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மனைவி நடுங்கும் குரலில், “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? வண்டி எங்கே?” என்றாள். கொண்டுபோகிறவர்களுக்கு அனுபவத்தில் சொல்வது: டிரைவர் தலையைக் கழற்ற முடிந்தால் கழற்றி ஸ்வெட்டரில் சுற்றி வையுங்கள். மட்டைகளைவிட நீளமான ஒரு கம்பை உறைக்குள் நட்டுவிடுங்கள், விழுந்தால் அடி அதற்குப் படும்.

அண்ணன் அசையவில்லை. “என் கடைசி ரவுண்டை அடுத்தவன் மட்டையில ஆடவா?” என்றார். கடைசி என்ற சொல் வந்ததும் நான் வாதத்தை விட்டுவிட்டேன். பையைத் தூக்க ஒரு கேடி வைத்துக்கொள்ளலாமே என்று மட்டும் கேட்டேன். என் பையை நானே தூக்குவேன் என்றார். அப்படியானால் எடையைக் குறையுங்கள் என்று சொன்னேன், ஒருவழியாக ஒப்புக்கொண்டார். போன ஞாயிறு அவர் வீட்டுக் கூடத்தில் பதினாலு மட்டையையும் தரையில் வரிசையாகக் கிடத்தி, இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். காற்று அடிக்கிற ஊர், உயரத் தூக்கி அடிக்கிற மட்டை எதற்கு என்று இரண்டு வெட்ஜ் போயிற்று. ஃபைவ் வுட் போயிற்று. ஒன்று விட்டு ஒன்று அயர்ன் மட்டை போதும் என்று மூன்றை வெளியே எடுத்தேன். த்ரீ அயர்ன் எப்படியும் வேண்டாம், அதை நேராக அடித்து நான் பார்த்ததே இல்லை. ஏழு மட்டை, தூக்கிப் பார்த்தால் பை பஞ்சு மாதிரி இருந்தது.

அண்ணி கூப்பிட்டார் என்று உள்ளே போய் வந்தேன். பையைப் பார்த்தேன். எட்டு இருந்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “ஜூன்ல அங்க மழை எப்படிடா இருக்கும்?” என்று கேட்டார்.